தேடுவாரற்றவளுக்கு ஒதுக்கிய இடம்

அன்புள்ள மச்சாள்,

இன்று காலை முன்வீட்டு ஸ்டெல்லா வந்து குசினி வாசலில் நின்றாள். கையில் ஏற்கெனவே முறித்த கறிவேப்பிலை இருந்தது. முறித்துவிட்டுத்தான் கேட்க வந்திருக்கிறாள், அவளுடைய பழக்கம் உங்களுக்குத் தெரியாததா.

"உங்கட மச்சாள் போனபிறகு மரம் தேடுவாரற்று நிக்குது மாமி. ரெண்டு நெட்டு முறிச்சனான்."

முறி பிள்ளை, மரம் உனக்கும் தழைக்கிறதுதானே என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு என் கையில் தந்த நெட்டை உருவத் தொடங்கினேன். இலையின் வாசம் விரலில் ஏறியது. நீங்கள் குசினிக்குள் நிற்கிற வாசம் அது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்தது வைத்தபடி விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். சட்டியை இறக்கிவைத்துவிட்டேன், பயப்படாதீர்கள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த ஊரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்தான். வெள்ளைக்காரனின் நேவி போன பிறகு சீனன்குடாக் காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள் தேடுவாரற்றுக் கிடக்குது என்று ஆண்கள் வந்து கதைத்தார்கள். கரையில் கவிழ்த்த வள்ளத்துக்குள் நண்டு குடியேறினால் அந்த வள்ளம் தேடுவாரற்றது. கோட்டைப் பக்கத்தில் திரிகிற மான்களையும் அப்படித்தான் சொல்கிறோம், அதுகள் நம்மைவிட நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்து நின்றாலும்.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொற்களைப் பிரித்துப் பார்க்கிற படிப்பு என்னிடம் இல்லை. ஆனால் இந்த ஒரு சொல்லோடு மட்டும் இத்தனை வருடம் சீவித்துவிட்டேன், அதனால் சொல்கிறேன். பாழ் என்றால் உடைந்துபோனது. அநாதை என்றால் தாய் தகப்பன் இல்லாதது. கைவிட்டது என்றால் விட்ட ஆள் ஒருவர் எங்கேயோ இருக்கிறார், அவரைப் பிடித்து ஏன் விட்டாய் என்று கேட்கலாம். தேடுவாரற்றது அப்படியில்லை. அது முழுசாக இருக்கும். நன்றாகவும் இருக்கும். அதைக் காணவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றாது, அவ்வளவுதான்.

உங்களைப் பற்றி அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை. நீங்களும் சொல்லவில்லை. நீங்கள் செய்தது வேறு.

உங்களைக் கட்டிய என் அண்ணன் போனது உங்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லாத கதை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். நேவி போய், டொக்யாட்டில் கப்பல் வேலை நின்று, ஆண்கள் எல்லாம் சந்தியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். நேவிக்காரரோடு பழகிய சிலர் சிங்கப்பூருக்குப் போனார்கள். அண்ணனும் போனார். இடம் எடுத்ததும் கூப்பிடுகிறேன் என்று இறங்குதுறையில் வைத்துச் சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். முதலில் போவார் வருவாரிடம் சேதி வந்தது. பிறகு அது குறைந்தது. பிறகு நின்றது.

அம்மா அந்தோனியாரைப் பிடித்துக்கொண்டார். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அவர்தானே. செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுதிரி. மகனுக்குக் கடலில் என்னவோ நடந்துவிட்டது, இல்லாவிட்டால் அவன் இப்படி இருக்கிற பிள்ளையில்லை என்று அழுவார். நீங்கள் பக்கத்தில் முழங்காலில் நின்று, அம்மாவின் மெழுகுதிரி காற்றில் அணையாமல் கையை வளைத்துப் பிடிப்பீர்கள்.

அப்படி இருக்கிற நாளில்தான் அவரோடு போன ஒருவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து, எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அண்ணனைக் கண்டதாகச் சொன்னார். சுகமாக இருக்கிறார், உடம்பு வைத்திருக்கிறார், நல்ல இடத்தில் வேலை. அம்மா மாதாவே மாதாவே என்று நெஞ்சில் கையை வைத்தார். நீங்கள் குசினி வாசலில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"எங்களைப் பற்றி என்ன கேட்டவர்?"

அந்த மனிதர் கோப்பைக்குள் பார்த்தார். "ஒண்டும் கேக்கேல்லை தங்கச்சி" என்றார்.

நீங்கள் உள்ளே போய்த் தேங்காய் திருவினீர்கள். எனக்கு அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது, வழமையைவிட வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. அம்மா மட்டும் அன்று இரவே ஒரு நேர்த்தி வைத்தார். மகன் திரும்பி வர, வருகிற சூசையப்பர் திருநாளுக்குத் திருக்குடும்பத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறேன் என்று.

எங்கள் சனத்துக்குள் அது பெரிய நேர்த்தி. ஒரு வயதானவர், ஒரு பெண், ஒரு குழந்தை. மூவரையும் சூசையப்பராகவும் மாதாவாகவும் பாலன் யேசுவாகவும் நினைத்து வெள்ளைத் துணி விரித்த பாயில் இருத்தி, வீட்டுக்கு மூத்தவர் அவர்களுடைய காலைக் கழுவித் துடைத்து முத்தமிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழும்பும்வரை வீட்டில் ஒருவரும் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. அதற்கு ஒரு கட்டளையும் இருந்தது, மூவரும் தேடுவாரற்றவர்களாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் உள்ள ஒருவரை இருத்தினால் நேர்த்தி பலிக்காது என்று பழைய ஆட்கள் சொல்லிவைத்திருந்தார்கள்.

கிழவர் கிடைத்தார். துறைமுகத்தில் தண்டு வலித்துத் தோள் போன பேதுருக் கிழவர், சந்தைக் கொட்டிலில் படுக்கிறவர். குழந்தைக்குக் கன்னியர் மடத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டையை அனுப்பச் சம்மதித்தார்கள். பெண்ணுக்குக் கோயில் வாசலில் இருக்கிற ஞானம்மாவிடம் சொல்லியிருந்தோம். அவளும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.

நீங்கள் விடிய முன்னமே எழும்பிச் சமைத்தீர்கள். தவக்காலம், மச்சம் மாமிசம் இல்லை. பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயாசம். கோயில் கிடாரத்தை இரவல் வாங்கி வந்திருந்தோம். பூசை முடிந்து எல்லாரும் வந்து முற்றத்தில் கூடிவிட்டார்கள், கோயில் மூப்பரும் வந்துவிட்டார். ஞானம்மா வரவில்லை.

நான்தான் கோயிலடிக்கு ஓடினேன். அவளுடைய சாக்குத் துண்டு இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. பக்கத்தில் கச்சான் கடலை விற்கிறவள் சொன்னாள், காலையில் கந்தளாயிலிருந்து மகன் வந்தானாம். எத்தனையோ காலம் எங்கேயோ இருந்த மகன். ஊர் ஊராய் விசாரித்துக் கண்டுபிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். ஞானம்மா போகிறபோது தெருவில் நின்ற எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு போனாளாம்.

"எனக்கு ஆள் வந்திட்டுது, பாத்தீங்களோ. என்னைத் தேடிக்கொண்டு ஆள் வந்திட்டுது."

அம்மாவிடம் வந்து சொன்னேன். நல்லதுதானே என்று அம்மா சொல்லவில்லை. ஓடிப்போய் வேறு ஒருத்தியைக் கூட்டி வா என்றார். வெயில் ஏறிவிட்டது. நான் கடற்கரைத் தெரு முழுக்க அலைந்தேன். அன்றுதான் எனக்குத் தெரிந்தது மச்சாள், அந்தச் சாப்பாடு எல்லாருக்கும் வேண்டும், அந்த இடம் ஒருவருக்கும் வேண்டாம். வலைக்கொட்டிலில் படுக்கிற கிழவி, மகன் இருக்கிறான், தவறணையில் குடித்து விழுந்து கிடந்தாலும் மகன்தானே என்றாள். சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து வந்து மரநிழலில் கருவாடு விற்ற சைவசமயக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு அம்மன் இருக்கிறா பிள்ளை. ஆர் சொன்னது தேடுவாரில்லையெண்டு?"

நான் அங்கிருந்து நடந்தேன். இன்னொருத்தி உண்மையிலேயே பசியோடு இருந்தாள், முகத்தில் தெரிந்தது. அவளும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள், சோற்றை வீட்டுக்கு அனுப்பு, நாலு பேருக்கு முன்னால் என்னை அதில் இருத்தாதே என்று.

வெறுங்கையோடு திரும்பி வந்தேன். முற்றத்தில் சனம் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. பேதுருக் கிழவர் பாயில் இருந்து பாயாசச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பசியில் கண் சொருகியது. மத்தியான மணி அடித்தால் நேரம் தப்பிவிடும் என்று மூப்பர் அம்மாவிடம் சொன்னார். அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் குசினி யன்னலால் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சாப்பாடு நடக்காவிட்டால் மகன் வரமாட்டான். அம்மாவுக்கு அன்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் வெளியே வந்தீர்கள். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தபடி, சனத்தை விலக்கிக்கொண்டு, ஏதோ எடுக்க வருகிறவள் போல. வந்து அந்த வெள்ளைத் துணியில், கிழவருக்கும் குழந்தைக்கும் நடுவில், காலை நீட்டி இருந்தீர்கள்.

ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை. மூப்பர்கூட, களைப்பில் இருந்துவிட்டா என்றுதான் நினைத்திருப்பார். விளங்கியதும் முற்றத்தில் நின்றவர்கள் முன்னுக்கு நெருங்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் தலைகள் தெரிந்தன. அம்மா கிட்டப் போய் மெல்லச் சொன்னார்.

"எழும்பு பிள்ளை. அது உனக்குரிய இடமில்லை."

"வேற ஆருக்கு உரியது மாமி?"

"உனக்கு ஆக்கள் இருக்கு. நாங்கள் இல்லையோ?"

நீங்கள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தீர்கள். கோபம் இல்லை உங்கள் முகத்தில், அதுதான் எனக்குப் பொறுக்க ஏலாமல் இருந்தது.

"என்னைப் பாக்க நீங்கள் எல்லாரும் இருக்கிறியள் மாமி. தேடத்தான் ஆளில்லை."

அம்மா என்ன செய்வார், சொல்லுங்கள். காலைக் கழுவினால், தன் மகன் உயிரோடு, சுகத்தோடு, கேட்காமல் கொள்ளாமல் இருக்கிறான் என்று ஊருக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறார். கழுவாவிட்டால் மகனுக்காக வைத்த நேர்த்தியைத் தானே உடைக்கிறார். செம்பைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்ற நேரத்தில் நான் எத்தனை அருள் நிறை மந்திரம் சொன்னேனோ தெரியாது, பாதியில் எல்லாம் குழம்பியது.

பிறகு அம்மா குந்தினார். கிழவருக்குக் கழுவினார், குழந்தைக்குக் கழுவினார், உங்களிடம் வந்தார். உங்கள் காலில் விடியற்காலையிலிருந்து நின்ற அடுப்புக் கரி. அதைப் பெருவிரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். முத்தமிடக் குனிந்தவர் உடனே நிமிரவில்லை. உங்கள் பாதத்தில் நெற்றியை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நீங்கள் அசையவில்லை.

நீங்கள் நிதானமாகச் சாப்பிட்டீர்கள், விருந்தாளி மாதிரி. நான் இலையில் பருப்பு விடக் குனிந்தபோது எனக்கு மட்டும் கேட்க, உப்புக் காணாது பிள்ளை, உள்ளே கொஞ்சம் போட்டுக் கலக்கு என்றீர்கள். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உள்ளே ஓடினேன்.

சனம் போய், நாங்களும் சாப்பிட்டு, எல்லாரும் கொஞ்சம் சரிந்த நேரம். பொழுது சாயப் பார்க்கிறோம், நீங்கள் இல்லை. குசினியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. ஸ்டெல்லாவின் தாய் தானும் உங்களைக் காணவில்லை என்றாள். அம்மா வாசலுக்கு வந்தார். எனக்கும் அதே நினைவுதான், அதை எழுதக் கை வருகுதில்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், நாலு எட்டுத்தானே.

அம்மா செருப்பில்லாமல், முக்காடில்லாமல் தெருவில் இறங்கினார். மச்சாள், கோயிலுக்குப் போவதென்றாலும் முக்காடு இல்லாமல் படலை தாண்டாத மனிசி. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கடற்கரைத் தெரு முழுக்க, ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும், உங்கள் பெயர். என்ட மருமகளைக் கண்டனீங்களோ, என்ட பிள்ளையைக் கண்டனீங்களோ என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்தார். காலையில் என்னைத் திருப்பி அனுப்பிய கருவாட்டுக்காரியும் கூடையை இறக்கிவிட்டு எங்களோடு வந்தாள். இறங்குதுறைவரை போனோம். தண்ணீரைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அம்மா பார்த்தார்.

நீங்கள் கோயில் கிணற்றடியில் இருந்தீர்கள். கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துச் சாம்பலும் தும்பும் போட்டு மினுக்கிக்கொண்டு. இரவல் பொருளை அன்றே கொடுக்க வேண்டும் என்று தள்ளுவண்டிக்காரனிடம் ஏற்றிக்கொண்டு வந்தீர்களாம். நித்திரையாய்க் கிடக்கிறோமே என்று சொல்லவில்லையாம்.

அம்மா மூச்சு வாங்க நின்றார். நீங்கள் அம்மாவின் காலைப் பார்த்தீர்கள், பின்னால் நின்ற சனத்தைப் பார்த்தீர்கள்.

"தேடினனீங்களோ மாமி?"

"ஓம். தேடினனான்."

நீங்கள் மீண்டும் தும்பை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினீர்கள். தோள் மட்டும் குலுங்கியது. அம்மா கிணற்றுக்கட்டில் இருந்து, நேரம் போனாலும் பரவாயில்லை, முடித்துவிட்டு வா என்றார்.

அடுத்த செவ்வாய் அம்மா மெழுகுதிரிக்குப் புறப்படவில்லை. நான் கேட்டதற்குச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அவனை அந்தோனியார் தேடட்டும். நான் இருக்கிறவளைத் தேடுறன்."

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இன்று இப்படிக் கலங்கி எழுதமாட்டேன். ஒரு பொழுது தேடியது ஒரு சீவியத்துக்குக் காணுமா மச்சாள்? அதற்குப் பிறகு நீங்கள் இடைக்கிடை சொல்லாமல் போகத் தொடங்கினீர்கள். வருடத்தில் ஒன்றிரண்டு தடவை. தூரமாக இல்லை, கோயில் மண்டபத்தில், சேமக்காலைக் கல்லறை மதிலடியில், தெரிந்த வீட்டு விறாந்தையில். யாரும் கண்டுபிடிக்கக்கூடிய இடம். அம்மா ஒரு சொல் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்படுவார். கண்டதும் இருவரும் விலைவாசி கதைத்தபடி திரும்பி வருவீர்கள். இதைப் பற்றி வீட்டில் ஒருநாளும் கதை எழும்பவில்லை. கடைசிப் படுக்கையில் அம்மா அண்ணனைக் கேட்கவில்லை. அவள் எங்கே, அவள் எங்கே என்று உங்களைத்தான் கேட்டார், நீங்கள் தலைமாட்டில் இருக்கவே.

அம்மாவுக்குப் பிறகு நான் தேடினேன். என் முழங்கால் வருத்தத்தோடு, செபமாலையை உருட்டிக்கொண்டு. சண்டையால் ஊர் கெட்டு, பொழுதுபட்டால் தெருவில் இறங்கப் பயமான நாட்களில் நீங்கள் பின்வளவோடு நின்றுகொண்டீர்கள். கிணற்றடிக்கு அப்பால் இருளில் இருப்பீர்கள். அங்கே இருப்பது யன்னலால் தெரியும். தெரிந்தும் நான் முன்வாசலால் இறங்கி, வீட்டைச் சுற்றி, உங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வருவேன்.

எனக்கு ஒன்று இன்னும் விளங்கவில்லை. நாங்கள் தேடியது உங்களை ஆற்றியதா, அல்லது தேட வேண்டிய ஆள் தேடவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் கிளறியதா? கேட்டிருக்கலாம். நான் வாயாடி, ஊரில் எல்லாரிடமும் எல்லாம் கேட்பவள். உங்களிடம் இதை மட்டும் கேட்க வாய் எழும்பவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி அண்ணனுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு வழியும் இல்லை. அவர் இருக்கிறாரோ இல்லையோ, அதுவும் தெரியாது. அவருக்கும் வயது போயிருக்கும். அவரைச் சுற்றி ஆட்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது இரவுச் செபத்தை நான்தான் சொல்கிறேன். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடிந்து, எங்கள் குடும்பத்து மரித்தவர்களுக்கு வேண்டி, உங்களையும் அம்மாவையும் பெயர் சொல்லி வேண்டிய பிறகு ஒன்று மிஞ்சுகிறது. பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற தேடுவாரற்ற ஆத்துமாக்களுக்காக ஒரு பரலோக மந்திரம். சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் சொல்லி வந்தது. இப்போது அந்த இடம் வந்தால் அண்ணனின் பெயர் தொண்டைவரை வந்து நிற்கிறது. சொன்னால் அவரைச் செத்தவர்களோடு சேர்த்ததாகிவிடும். அவரைத் தேட இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை என்று அவருடைய தங்கச்சியே மாதாவுக்கு முன்னால் ஒத்துக்கொண்டதாகவும் ஆகிவிடும். சொல்லாமல் விட்டால், நாங்களும் அவரைக் கேட்காமல் விட்டவர்கள்தானே.

நீங்கள் இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்வீர்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். பக்கத்துப் பாயில் ஒருவரும் இல்லை. விரல் மணியைப் பிடித்தபடி நிற்கிறது, நான் இன்னும் அந்த மந்திரத்தைத் தொடங்கவில்லை.